கோர்ட்டில் திருத்திய தடம்

எங்கள் மாந்தோப்பு ரோட்டோரத்தில் இல்லை. போச்சம்பள்ளியிலிருந்து ஊத்தங்கரை போகிற ரோட்டை விட்டு இறங்கி, இன்னொருவருடைய கொல்லையைத் தாண்டித்தான் தோப்புக்கு வர முடியும். மழையை நம்பி உழுகிற மேட்டு நிலத்தை எங்கள் பக்கத்தில் கொல்லை என்போம். அந்தக் கொல்லை ஒருபோதும் எங்களுடையதாக இருந்ததில்லை. ஆனால் அதைத் தாண்டாமல் நானோ என் அப்பாவோ தோப்புக்குப் போனதும் இல்லை. மற்ற பக்கமெல்லாம் கரடு. ஆடு ஏறும், வண்டி ஏறாது.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. இதை நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். அவளுக்குப் போச்சம்பள்ளியில் கம்பெனி வேலை. வார லீவு அன்றைக்குத்தான் உட்கார நேரம். நான் ஒன்றைச் சொல்லிக்கொண்டே வேறொன்றுக்குப் போய்விடுவேன். அப்போது பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மாமா, கேஸுக்கு வாங்க" என்பாள்.

கேஸுக்கு வருவதற்கு முன்னால் அந்தக் கொல்லையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னே அது ஒரு தெலுங்குக்காரக் குடும்பத்துடையது. வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள், வெளியே தமிழ், மாட்டிடம் மட்டும் இரண்டும் பேசுவார்கள். அவர்கள் கொல்லையில் கிணறு கிடையாது. அவர்கள் மாடு எங்கள் கிணற்றுத் தொட்டியில் தண்ணீர் குடிக்கும். நாங்கள் அவர்கள் கொல்லை வழியாகப் போவோம். இதை யாரும் உட்கார்ந்து பேசி வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

போவதிலும் ஒரு முறை இருந்தது. ஆடியில் கேழ்வரகோ கடலையோ விதைக்கும்போது, மேற்கு வரப்பை ஒட்டி ஒரு வண்டி அகலத்துக்கு அவர்கள் உழாமல் விட்டுவிடுவார்கள். பயிர் நிற்கிற மாதங்களில் அந்த ஓரமாகத்தான் நாங்கள் போவோம், வருவோம். தையில் அறுப்பு முடிந்து கொல்லை வெறுமையானதும் ஓரத்தை விட்டுவிடுவோம். ரோட்டுப் புளியமரத்தடியில் இறங்கி, எங்கள் தோப்பின் மூலையைப் பார்த்து நேராகக் குறுக்கே வண்டி ஓட்டுவோம். எரு ஏற்றுவது, ஏரி மண் ஏற்றுவது, சித்திரை வைகாசியில் மாங்காய் ஏற்றுவது எல்லாம் வெயில் காலத்து வேலை. அதனால் வண்டி என்றால் குறுக்கே, நடை என்றால் ஓரம் என்று எங்கள் காலுக்கும் மாட்டுக்கும் பழகிவிட்டது. கோடை மழை பெய்து அவர்கள் முதல் உழவு ஓட்டினால் எங்கள் சக்கரத் தடம் மண்ணோடு மண்ணாகிவிடும். அன்றிலிருந்து மறுபடி ஓரம். எங்களிடம் ஒரு மயிலை மாடு இருந்தது. உழுத மண்ணைக் கண்டால் யாரும் பிடிக்காமலே ஓரத்துக்குத் திரும்பும். அது கன்றாக இருந்தபோதே ஒரு கொம்பு கோணல். சந்தையில் யாரும் வாங்கவில்லை என்று என் அப்பா ஓட்டிக்கொண்டு வந்தார். அந்தச் சந்தையில்...

"கேஸுக்கு வாங்க மாமா."

சரி. தெலுங்குக்காரப் பெரியவர் காலமான பிறகு பிள்ளைகள் பெங்களூருக்குப் போய்விட்டார்கள். கொல்லையை விற்றார்கள். வாங்கியவர் தெற்கத்திக்காரர், கோவில்பட்டிப் பக்கம். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து ரிட்டயர்டு ஆனவர். அவருக்கும் அவர் வீட்டம்மாவுக்கும் ஊருக்குத் திரும்பிப் போக மனசில்லை, இங்கேயே மண் வாங்கி ஒரு வீடு கட்டிக்கொண்டு இருந்துவிடலாம் என்று வந்தார்கள். வந்ததும் மூன்று பக்கம் கல் கம்பம் நட்டுக் கம்பி இழுத்தார். எங்கள் மாவட்டத்தில் கல்லுக்கா பஞ்சம். ரோட்டுப் பக்கம் மட்டும் திறந்து கிடந்தது. எங்கள் தோப்புப் பக்கம் கம்பி இழுக்கிறபோது, ஓரத் தடம் வந்து சேருகிற இடத்தில் நான் கேட்காமலே ஒரு சந்து விட்டிருந்தார்கள். விட்டது அவர் அல்ல, கம்பி இழுத்த ஆட்கள். அவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள்.

அவர் வாங்கிய பிறகு வந்த முதல் மாங்காய் வெட்டு. பிக்கப் வண்டி வழக்கம்போலப் புளியமரத்தடியில் இறங்கிக் குறுக்கே வந்தது. தோப்பு மூலையில் அவருடைய கம்பியைக் கம்பத்திலிருந்து அவிழ்த்து ஒதுக்கிப் பிடித்து, வண்டியை உள்ளே விட்டோம். லோடு ஏற்றிக்கொண்டு வண்டி அதே வழியில் திரும்பியது. கொல்லை நடுவில் தரையில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் இருந்ததை நானும் பார்த்தேன். பிள்ளைகள் விளையாடக் கிழித்தது என்று நினைத்தேன். அது அவர்கள் வீட்டுக்குச் சுண்ணாம்புப் பொடியில் போட்ட கோடு. முன் ரூம், சமையல் ரூம், பூஜை ரூம். புருஷனும் பொண்டாட்டியுமாக நின்று பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். எங்கள் பிக்கப் சமையல் ரூமில் நுழைந்து முன் ரூம் வழியாக வெளியே போயிருந்தது.

மறுநாள் காலையில் அவர் புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

"பெரியவரே, யாரக் கேட்டு உள்ள வண்டிய விட்டீக?"

"யாரக் கேக்கணும்? இது எங்க தடம்."

"தடமா? பத்திரத்துல இல்ல, புலப்படத்துல இல்ல. நான் எல்லாம் பாத்துத்தான வாங்குனேன்."

"படத்துல இல்லன்னா? எங்கப்பா காலத்துலர்ந்து வண்டி ஓட்டிக்கினு இருக்கறோம்."

"உங்க அப்பா ஓட்டுனது அவுக காலம். நான் வாழ்நாள் பூரா ஷிப்டு பாத்து வாங்குன மண்ணு இது. என் கம்பிய அவுக்க உங்களுக்கு யாரு சொன்னது?"

நானும் சும்மா இருக்கவில்லை. "ஒரு சுண்ணாம்புக் கோட்டுக்கா இம்மாம் பேச்சு?" என்று கேட்டுவிட்டேன். அது அவருக்குத் தைத்துவிட்டது. முகம் மாறிவிட்டது. அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவில்லை. ஆடி மாதம் சம்மன் வந்தது. நான் அவர் நிலத்துக்குள் காலே வைக்கக் கூடாது என்று ஊத்தங்கரை கோர்ட்டில் கேஸ் போட்டிருந்தார்.

மருமகள் லீவு போட்டு என்னை வண்டியில் ஊத்தங்கரைக்குக் கூட்டிப் போனாள். மகன் ஓசூரில் வேலை, மாதம் ஒரு முறை வருவான். வக்கீல் எங்கள் பக்கத்து ஆள்தான், கல்லாவிப் பக்கம். சம்மனோடு வந்த காகிதங்களைப் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெரியவரே, நீங்க உள்ளயே வரக்கூடாதுன்னு அவர் கேக்கறாரு. நாம 'அப்படி இல்ல'ன்னு பதில் போட்டா மட்டும் பத்தாது. அவர் கேஸ் தோத்துப்போகலாம், ஆனா தடம் உங்களுதுன்னு ஆயிடாது. அதனால அவர் கேஸுக்குள்ளயே நாமளும் ஒண்ணு கேக்கறோம். எங்களுக்கு இந்த வழியில போற உரிமை இருக்கு, அதை மறிக்கக் கூடாதுன்னு. இதுக்கு எதிர்க் கோரிக்கைன்னு பேரு."

"அப்ப நானும் கேஸ் போட்ட மாதிரியா?"

"போட்ட மாதிரிதான். அவர் வண்டியிலயே நாமளும் ஏறிக்கறோம்."

"எறங்குன்னு சொல்லிட்டா?"

"சொல்ல முடியாது. அவரே கேஸை வாபஸ் வாங்கிட்டாலும் நம்ம கோரிக்கை நிக்கும். சரி, சொல்லுங்க. வண்டி எப்படிப் போகும்?"

நான் சொன்னேன். புளியமரத்தில் இறங்கும், குறுக்கே வரும், தோப்பு மூலையில் ஏறும். அவர் எழுதிக்கொண்டார். பிறகு டைப் அடித்து வந்ததை மருமகள் எனக்குப் படித்துக் காட்டினாள். தடம் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது, எவ்வளவு அகலம், எல்லாம் நான் சொன்னபடியே இருந்தது. அவர் வண்டியைப் பற்றிக் கேட்டார், நானும் வண்டியைப் பற்றித்தான் சொன்னேன். ஓரத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு எத்தனை வாசல் என்று கேட்டால் நாம் பின்வாசலைச் சேர்த்தா சொல்கிறோம்? கைநாட்டு வைத்துவிட்டு வந்தேன்.

அந்தக் காகிதத்தில் என்னைப் பிரதிவாதி என்று எழுதியிருந்தார்கள். வீட்டில் ஏதாவது ஒன்றுக்கு நான் மாட்டேன் என்றால், "பிரதிவாதி ஒத்துக்க மாட்டேங்கறாரு" என்று மருமகள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். இப்போதும் சொல்வாள்.

கோர்ட்டில் ஒரு ஏற்பாடு நடந்தது. தீர்ப்பு வருகிற வரை நானும் என் ஆட்களும் நடந்து போகலாம், வண்டி மட்டும் கூடாது. இரண்டு வக்கீலும் ஒத்துக்கொண்டார்கள். ஆடியில் அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தோப்பில் அப்போது வண்டி வேலை இல்லை. ஆனால் ராத்திரியில் படுத்தால் சித்திரை நினைவுக்கு வரும். மாங்காயைக் கூடையில் தலைச்சுமையாக ரோடு வரை தூக்குவதென்றால் எத்தனை ஆள் வேண்டும், யார் வருவார்கள்? எல்லோரும் கம்பெனி பஸ் ஏறிப் போகிறார்கள். தடம் இல்லாவிட்டால் காய் மரத்திலேயே பழுத்துக் கீழே விழ வேண்டியதுதான். தடம் இல்லாத தோப்பை யாரும் குத்தகைக்கும் எடுக்க மாட்டார்கள்.

ஐப்பசியில் கமிஷனர் வந்தார். கமிஷனர் என்றதும் போலீஸ் என்று நினைத்தேன். இவர் வேறு. நிலத்தை நேரில் பார்த்து எழுதிக்கொண்டு வரக் கோர்ட் அனுப்புகிற வக்கீல். சின்ன வயசு, வெள்ளைச் சட்டையில் சேறு படாமல் பேண்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கூடவே சர்வேயர், இரண்டு பக்கத்து வக்கீல், கோவில்பட்டிக்காரர். எல்லோரும் புளியமரத்தடியில். நான் தோப்பில் இருந்தேன். மருமகள் போன் பண்ணினாள், "எல்லாரும் வந்துட்டாங்களாம் மாமா, போங்க" என்று.

கொல்லையில் கேழ்வரகு நின்றது. நல்ல பயிர். கதிர் திரும்பி, காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அவர் முதல் வருஷத்து விவசாயம் அது, தெற்கத்திக்காரர் ஆனாலும் நன்றாகத்தான் வைத்திருந்தார். நான் பார்த்துக்கொண்டே நடந்து புளியமரத்துக்கு வந்து சேர்ந்தேன். கமிஷனர் என்னையும் நான் வந்த வழியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயா, இப்ப எந்த வழியா வந்தீங்க?"

"இப்பிடி ஓரமாத்தான் சார்."

"உங்க கோரிக்கையில தடம் குறுக்கப் போகுதுன்னு இருக்குதே."

"ஆமாங்க."

"அப்ப அது வழியா வராம ஏன் சுத்திக்கினு வர்றீங்க?"

"பயிர் நிக்குது சார்."

"உங்க பயிரா?"

"இல்லங்க. அவருது."

கோவில்பட்டிக்காரர் அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். கமிஷனர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"பயிர் நிக்கறப்ப எப்பவுமே ஓரமாத்தான் வருவீங்களா?"

"எப்பவும் அப்பிடித்தான். யாரு பயிரா இருந்தா இன்னா சார், மிதிச்சிக்கினா வருவாங்க?"

எங்கள் வக்கீல் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

சர்வேயர் கொல்லை முழுவதும் அளந்தார். குறுக்கே போகிற தடம் எங்கே என்று கமிஷனர் கேட்டார். கேழ்வரகுக்குள் எங்கே காட்டுவது? வெயில் காலத்துத் தடத்தை ஐப்பசியில் தேடினால் கிடைக்குமா? மேற்கு ஓரத்தைப் பார்த்தார்கள். அங்கே மண் இறுகிக் கிடந்தது, மாட்டுக் குளம்பு, செருப்புத் தடம், சாணி, கம்பியில் விட்ட சந்து, எல்லாம் இருந்தது. அதையும் எழுதிக்கொண்டார்கள்.

எல்லோரும் போன பிறகு வக்கீல் என்னை டீக்கடைக்குக் கூட்டிப் போனார்.

"ஏன் பெரியவரே, ஓரமா ஒரு தடம் இருக்குன்னு அன்னிக்கே சொல்ல மாட்டீங்களா?"

"நீங்க வண்டியத்தானே கேட்டீங்க."

"ஓரமா வண்டி போகாதா?"

"போவும். போவாம இன்னா. பயிர் இருக்கறப்ப அவசரம்னா அதுலதான் ஓட்டுவோம். பிரசவத்துக்கு ஆள ஏத்திக்கினு போனதெல்லாம் அதுலதான்."

அவர் டீயைக் கீழே வைத்தார். "இதுதான் உங்களுக்கு வருஷம் பூரா இருக்கற வழி. குறுக்க போனது, கொல்லை காலியா இருக்கேன்னு அவங்க விட்டது. கேட்டா கோர்ட் அதை உரிமைன்னு சொல்லாது. நாம கெட்டியான வழிய விட்டுட்டு, இல்லாத வழியக் கேட்டிருக்கோம். கோரிக்கையைத் திருத்தணும்."

"திருத்தறதுன்னா?"

"திருத்த மனு. முன்னாடி சொன்னதை மாத்தி, தடம் மேற்கு ஓரமா போகுதுன்னு சேத்துக்க அனுமதி கேட்டு. விசாரணை ஆரம்பிக்கறதுக்குள்ள போட்டுடணும்."

எனக்கு அது பிடிக்கவில்லை. கைநாட்டு வைத்துச் சொன்ன ஒன்றை மாற்றிச் சொன்னால், முதலில் சொன்னது பொய் என்று ஆகிவிடும். நான் பொய் சொல்லவில்லை. குறுக்கேயும் போனோம், ஓரமாகவும் போனோம். திருத்த மனு வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். இரண்டாம் நாள் மருமகள் கம்பெனியிலிருந்து வந்து, பையைக் கூட இறக்கி வைக்காமல் என் எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா, எங்க லைன்ல பீஸ் தப்பா வந்தா இன்னா பண்ணுவாங்க தெரியுமா? தூக்கிப் போட மாட்டாங்க. ரீவொர்க்குன்னு ஒரு டேக் கட்டி மறுபடி லைனுக்கு அனுப்புவாங்க. யாரையும் திருடன்னு சொல்ல மாட்டாங்க."

"அது இரும்பு. இது வாய்ச்சொல்லு."

"வாய்ச்சொல்லுக்கு டேக் கட்டக் கூடாதா? பிரதிவாதிக்கு வீம்பு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சித்திரைக்கு என்ன பண்ணுவீங்க என்று அவள் கேட்கவில்லை. அதை நானே கேட்டுக்கொண்டேன். அடுத்த வாரம் போய்த் திருத்த மனுவுக்குக் கைநாட்டு வைத்தேன்.

தை முடிந்து மாசியில் அதற்கு வாய்தா. கோர்ட் வளாகத்தில் ஒரு புங்க மரம், அதன் கீழே சிமெண்டு பெஞ்சு. கோவில்பட்டிக்காரர் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். வேறு இடம் இல்லை. நான் நின்றேன்.

"உக்காருங்க அண்ணாச்சி. பெஞ்சு கவர்மெண்டுது, இதுக்குக் கேஸ் இல்ல."

உட்கார்ந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு கேக்கட்டா? அன்னைக்கு ஏன் கேப்பைய மிதிக்காம வந்தீக? கமிஷனர் பாக்காகன்னா?"

"கமிஷனருக்குக் காட்டணும்னா குறுக்க இல்ல வந்திருக்கணும்? வக்கீலு இன்னும் திட்டிக்கினு இருக்கறாரு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "அந்த மேற்கு ஓரத்த டிராக்டர்காரர் உழாம விட்டுட்டுப் போயிட்டாரு. சோம்பேறின்னு நெனச்சு ஏசிட்டேன்."

"அவன் சோம்பேறி இல்ல சார். அவங்கப்பன் ஏர் ஓட்டறப்பவே அத உட்டுட்டுத்தான் ஓட்டுவாங்க."

"இத நீங்க மொதல்லயே சொல்லிருக்கலாம்லா?"

"நீங்க கேட்டிருக்கலாம் இல்ல?"

டவாலி யாரையோ கூப்பிட்டான். நாங்கள் இல்லை.

"அண்ணாச்சி, நான் ஒளிக்காம சொல்லுதேன். ஓரமா கேட்டா எனக்குக் கொஞ்சம் மண்ணு போகும், அவ்வளவுதான். குறுக்க கேட்டா எனக்கு வீடே இல்ல. இந்தக் கேஸால இன்னும் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டல. வீட்டுல அவ தினமும் கேக்கா. இப்ப ஓரம்ங்கிறீக. நாளைக்கு அதும் வேணும் இதும் வேணும்னா நான் எங்க போவேன்? அதான் உங்க மனுவ எதுக்கச் சொல்லிருக்கேன்."

உள்ளே கூப்பிட்டார்கள். அவர் வக்கீல் முதலில் பேசினார். கமிஷனர் வந்து பார்த்துத் தடம் இல்லை என்று சொன்ன பிறகு, புதிதாக ஒரு தடத்தைக் கண்டுபிடித்துக் கொண்டு வருகிறார்கள், இது திருத்தம் அல்ல, வேறு கேஸ் என்றார். எங்கள் வக்கீல், தோப்பும் அதேதான், கொல்லையும் அதேதான், கேட்கிற உரிமையும் அதேதான், அது எந்தப் பக்கம் போகிறது என்பதை மட்டும்தான் சரி செய்கிறோம், விசாரணையும் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றார். ஜட்ஜ் ஒரு பெண். தலை நிமிராமல் கமிஷனர் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தவர், பிறகு என்னை முன்னால் வரச் சொன்னார்.

"ஐயா, ஓரமா போற வழியக் கேக்கறீங்க. முன்னாடி கேட்டீங்களே குறுக்கு வழி, அதை விட்டுடறீங்களா? இல்ல ரெண்டுமே வேணுமா?"

என்னிடம் யாரும் கேட்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார், ஜட்ஜ் அவரைக் கையமர்த்தினார்.

குறுக்கே போகிற தடத்தில்தான் என் அப்பா எனக்கு வண்டி ஓட்ட விட்டார். மாங்காய் ஏற்றிய வண்டிக்கு அந்தச் சரிவு சுகமாக இருக்கும், மாடு இழுக்க வேண்டியதில்லை, எதிரே புளியமரம் தெரிந்துகொண்டே இருக்கும். ஓரத்தில் வரப்பு மூலையில் ஒரு திருப்பம் உண்டு. லோடு வண்டியை அங்கே திருப்புவது லேசு இல்லை. இதையெல்லாம் ஜட்ஜ் அம்மாவிடம் சொல்ல முடியுமா? பக்கத்தில் கோவில்பட்டிக்காரர் நின்றுகொண்டிருந்தார். சட்டையின் கீழ் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். சமையல் ரூமில் நுழைந்து முன் ரூம் வழியாகப் போன பிக்கப் ஞாபகம் வந்தது.

"உட்டுடறேங்கம்மா."

"எப்பவுமா?"

"எப்பவும்தாங்கம்மா. வெயில் காலத்துலயும்."

ஜட்ஜ் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். வெயில் காலத்தை ஏன் சொன்னேன் என்று கேட்கவில்லை. எழுதிக்கொண்டார்.

அடுத்த வாய்தாவில் மனுவை அனுமதித்து உத்தரவு வந்தது. வக்கீல் ஆபீஸில் பழைய கோரிக்கையை எடுத்து, குறுக்கே போகிற தடம் என்று இருந்த வரிகளைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் சிவப்பிலேயே மேற்கு ஓரம் என்று எழுதினார்கள். எனக்குப் படிக்கத் தெரியாது. சிவப்பு தெரிந்தது.

"பழச அழிக்க மாட்டீங்களா சார்?"

"அழிக்கக் கூடாது பெரியவரே. முன்னாடி என்ன இருந்துச்சு, இப்ப என்ன ஆச்சுன்னு ரெண்டும் தெரியணும்."

அதைக் கேட்டதும் எனக்கு மனசு கொஞ்சம் ஆறியது. நான் முதலில் சொன்னதும் அங்கேயே கிடக்கிறது.

திருத்திய கோரிக்கைக்கு அவர் பக்கம் பதில் போட வேண்டும். பதிலுக்குப் பதிலாக அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார், வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு. மருமகள் காபி போட்டாள். அந்த அம்மா அவளிடம் கம்பெனியில் எந்த ஷிப்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் பெரிதாகப் பேசவில்லை. "ராஜி பண்ணிக்கிடலாமா அண்ணாச்சி?" என்றார். "பண்ணிக்கலாம்" என்றேன். பங்குனியில் இரண்டு வக்கீலும் சேர்ந்து எழுதிக் கொடுத்து, மேற்கு ஓரம் எங்களுக்கு வண்டித் தடம் என்றும், கொல்லையில் வேறு எங்கேயும் நான் பாத்தியம் கேட்கக் கூடாது என்றும் தீர்ப்பு ஆயிற்று.

சித்திரையில் காய் வெட்டினோம். பிக்கப் வந்தது. அதே டிரைவர்தான். புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, வெறும் கொல்லையைப் பார்த்தான். வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. சுண்ணாம்புக் கோடு மழையில் கரைந்துபோய் ஒன்றும் இல்லை.

"குறுக்க உடட்டா?"

"ஓரமா வா."

"ஏன் தாத்தா, ஒரு செடி இல்ல. அந்த மூலையில லோடோட திரும்பறதுக்குள்ள கியர் பாக்ஸ் போயிடும்."

"போனா போவுது. ஓரமா வா."

முனகிக்கொண்டே ஓரமாக வந்தான். காய் ஏற்றித் திரும்பும்போது கோவில்பட்டிக்காரர் ரோட்டுப் பக்கமிருந்து நடந்து வந்தார், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு. வண்டி வரப்பு மூலையில் முன்னே பின்னே போய்த் திணறுவதை நின்று பார்த்தார்.

"அண்ணாச்சி, ஆவணிலதான் வானம் தோண்டுதோம். இப்ப சும்மாதான கெடக்கு. குறுக்கப் போகச் சொல்லுங்களேன்."

டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என்னைப் பார்த்தான்.

"வேணாம் சார். ஜட்ஜம்மாகிட்ட வெயில் காலத்துலயும்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"ஜட்ஜா இங்க வந்து பாக்கப்போறாக?"

"அவங்க பாக்க மாட்டாங்க."

அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனார். "வா, வா, இன்னும் வா, லேசா ஒடி" என்று தட்டித் தட்டிக் கூப்பிட்டார். சக்கரத்துக்கு இடைஞ்சலாகக் கிடந்த ஒரு கல்லைக் குனிந்து புரட்டி வரப்பின் மேல் போட்டார். வண்டி திரும்பி, ஓரமாகவே ரோட்டுக்குப் போனது.